மண்ணில் ஒரு நகை, வலையில் ஒரு கடை



"டிப்ளமோ முடிச்சுட்டு என்ன பண்ணப் போறே?" இந்தக் கேள்வியைக் கேட்காத சித்தப்பாவோ, பக்கத்து வீட்டு மாமாவோ நம் ஊரில் இல்லை. "கேம்பஸ் இன்டர்வியூ வரும் மாமா" என்று சொல்லித் தப்பித்துவிடுகிறோம். வரட்டும், நல்லதுதான். ஆனால் வருகிற கம்பெனி நம் எல்லோரையும் எடுத்துக்கொள்ளாது என்பது மாமாவுக்கும் தெரியும், நமக்கும் தெரியும்.

நம்மில் பலருக்குக் கைவசம் ஒரு தொழில் ஏற்கனவே இருக்கிறது. அதைத் தொழில் என்று நாம்தான் ஒப்புக்கொள்வதில்லை. சுடுமண் நகை, அதாங்க, டெரகோட்டா ஜிமிக்கி, தோடு, மாலை! கல்லூரி விழாவில் ஸ்டால் போட்டால் மத்தியானத்துக்குள் காலியாகிவிடுகிறது. சரி, விழா ஒரு நாள். மீதி 364 நாளும் கடை எங்கே? அந்தக் கடையை இணையத்தில் எப்படிக் கட்டுவது, கட்டியதை எப்படி நிற்க வைப்பது என்று படிப்படியாகப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் மட்டும் படிக்கவேண்டியது என்று மற்றவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். இதில் சிவிலும் உண்டு, மெக்கானிக்கலும் உண்டு, கெமிக்கலும் உண்டு!

1. சரக்கு சரியாக இருக்கிறதா?

வலையில் கடை போடுவதற்கு முன் சூளையைப் பார்க்கவேண்டும். ஸ்டாலில் வாங்குகிறவர் கையில் எடுத்து, தட்டி, காதில் வைத்துப் பார்த்து வாங்குகிறார். இணையத்தில் வாங்குகிறவர் நம் சொல்லை மட்டும் நம்பிப் பணம் அனுப்புகிறார். அதனால் நம் சரக்கு ஒரு மடங்கு கூடுதலாகவே நன்றாக இருக்கவேண்டும்.

களிமண் காய்ந்த மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அவசரப்பட்டு நெருப்பில் வைத்தால் 100 டிகிரியைத் தாண்டும்போது அந்த ஈரம் ஆவியாகி நகையைப் பட்டாசு மாதிரி வெடிக்கச் செய்யும். இது எல்லோருக்கும் தெரிந்த கதை. தெரியாத கதை ஒன்று உண்டு. களிமண்ணின் அணுக்கட்டமைப்புக்குள்ளேயே வேதிமுறையில் பிணைந்த நீர் இருக்கிறது. அது வெளியேற ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். மண்ணிலுள்ள குவார்ட்ஸ் வேறு 573 டிகிரியில் தன் படிக அமைப்பை மாற்றிச் சட்டென்று விரிகிறது. ஆகவே அந்தக் கட்டத்தில் சூட்டை மெதுவாக ஏற்றவேண்டும், இறக்கும்போதும் மெதுவாகவே இறக்கவேண்டும். கேஸ் அடுப்பில் பத்து நிமிடம் காட்டி எடுத்தது வெந்த மண் அல்ல, சூடான மண்! தண்ணீரில் ஒரு இரவு போட்டு வையுங்கள். கரைந்தால் அது நகை ஆகவில்லை என்று அர்த்தம்.

சூளையில் காற்று தாராளமாகக் கிடைத்தால் மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனோடு சேர்ந்து சிவப்பு நிறம் வரும். காற்றை அடைத்துப் புகையில் மூடினால் அதே மண் கறுப்பாகும். பெயிண்ட் டப்பாவைத் தொடாமலேயே இரண்டு நிறம் நம் கையில்!

மண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். உங்கள் மண் 8 சதவீதம் சுருங்குகிறது என்று சோதித்துக் கண்டுபிடித்தால், 40 மி.மீ. தோடு வேண்டுமென்றால் 43.5 மி.மீ. அளவில் செய்யவேண்டும். வெர்னியர் காலிப்பர் லேபில் மார்க் வாங்க மட்டுமா இருக்கிறது? ஜிமிக்கியின் குடையை உள்ளே குடைந்து செய்தால் எடை குறையும், காது தப்பிக்கும். மூடிய மணியாகச் செய்தால் ஊசியால் ஒரு துளை விடுங்கள், இல்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் ஆவியும் வேலையைக் காட்டிவிடும்.

இன்னொன்று, ஹூக். மண் யாருக்கும் ஒவ்வாமை தராது, ஆனால் மலிவான ஹூக்கில் உள்ள நிக்கல் பலருக்குக் காதைப் புண்ணாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் காதுத் துளைக்குள் போகும் உலோகத்திலிருந்து வாரத்துக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் வெளியேறக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஹூக் என்ன உலோகம் என்று கடைக்காரரைக் கேட்டு வாங்குங்கள், அதையே உங்கள் விவரத்திலும் எழுதுங்கள்.

2. படம் பேசவேண்டும், பொய் பேசக்கூடாது

பெரிய கேமரா தேவையில்லை. இருக்கிற செல்போன் போதும். வெயில் நேராக விழாத ஜன்னல் ஓரம், கீழே வெள்ளை சார்ட் பேப்பர், எதிர்ப்பக்கம் நிழலைக் குறைக்க இன்னொரு வெள்ளை அட்டை. அவ்வளவுதான் ஸ்டுடியோ! ஃபிளாஷ் வேண்டாம். டியூப்லைட்டும் ஜன்னல் வெளிச்சமும் கலந்தால் நிறம் மாறிவிடும். லைட்டை அணைத்துவிட்டு எடுங்கள்.

ஒரு நகைக்கு நான்கு படம் எடுங்கள். முன்பக்கம், பின்பக்கம், காதில் போட்டது, ஸ்கேல் பக்கத்தில் வைத்தது. பின்பக்கத்தைக் காட்டுகிறவர் எதையும் மறைக்கவில்லை என்று வாங்குபவருக்குத் தானாகப் புரியும். காதில் போட்ட படத்துக்கு முகம் தெரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காதும் கழுத்தும் போதும். தோழியின் படத்தைப் போடுவதாக இருந்தால் அவளிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். "ஃப்ரெண்டுதானே" என்பது அனுமதி ஆகாது.

படத்தில் ஃபில்டர் போட்டு நிறத்தைத் தூக்கினால் அன்றைக்கு ஆர்டர் வரும், நாலு நாள் கழித்துப் புகார் வரும். அடுத்தவர் செய்த நகையின் படத்தை எடுத்து "இதே மாதிரி செய்து தருவோம்" என்று போடுவது அதைவிட மோசம். அது இன்னொரு கைவினைஞர் வயிற்றில் அடிப்பது.

படத்துக்குக் கீழே எழுதவேண்டியவை: சுட்ட பிறகு உள்ள நீள அகலம் மி.மீ.யில், ஒரு ஜோடியின் எடை கிராமில், நிறம் எப்படி வந்தது, ஹூக் என்ன உலோகம், விலை, தபால் செலவு, அனுப்ப எத்தனை நாள். "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதாதீர்கள். விலை தெரியாத கடைக்குள் நீங்களே நுழைவீர்களா? பெயரில் "டெரகோட்டா" என்றும் போடுங்கள், "சுடுமண்" என்றும் போடுங்கள். தேடுகிறவர் எந்தச் சொல்லைத் தட்டுவார் என்று யார் கண்டது!

3. விலை: நம் கூலியை யார் போடுவது?

நம் தோழிகள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஏமாற்றுவது வேறு யாருமில்லை, அவர்களேதான்!

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 20 ஜோடி செய்கிறோம். சூளையில் 2 ஜோடி விரிசல் விட்டுவிட்டது. விற்கக்கூடியது 18. மண்ணுக்கு 40 ரூபாய், உமிக்கும் கரிக்கும் 60, ஹூக் ஜோடிக்கு 8 வீதம் 144, அட்டைப்பெட்டியும் காகிதமும் 12 வீதம் 216. மொத்தம் 460 ரூபாய். "ஜோடிக்கு 26 ரூபாய்தான் ஆச்சு, 40 ரூபாய்க்கு வித்தா லாபம்தானே?" என்று கிளம்பிவிடுகிறோம்.

18 ஜோடியும் விற்றால் 720 ரூபாய். செலவு போகக் கையில் 260. ஆனால் மண் பிசைந்தது, உருட்டியது, தேய்த்தது, சுட்டது, கோத்தது, படம் எடுத்தது, பதில் சொன்னது எல்லாம் சேர்த்து 12 மணி நேரம் என்று வையுங்கள். மணிக்கு 22 ரூபாய்கூட இல்லை!

சரியான கணக்கு என்ன? மணிக்கு 70 ரூபாய் கூலி வைத்தால் 840. அதோடு 460 சேர்த்தால் 1300. 18-ஆல் வகுத்தால் ஜோடிக்கு 72 ரூபாய் அடக்கம். அதன்மேல் உடைசல், திரும்பி வருவது, அடுத்த முறை சரக்கு வாங்கப் பணம் என்று 25 சதவீதம் வைத்தால் 90 ரூபாய். இதுதான் விலை. வீட்டில் உட்கார்ந்து செய்வதால் அந்த உழைப்புக்குக் கூலி இல்லை என்று நம் அம்மாக்கள் காலத்திலிருந்து பழக்கிவிட்டார்கள். நாமாவது மாற்றுவோமே! நாம் 40-க்கு விற்றால் இதையே நம்பிக் குடும்பம் நடத்தும் இன்னொரு பெண்ணும் 40-க்கு இறங்கவேண்டி வரும் என்பதையும் மறக்கக்கூடாது.

4. வாடகை வீடும் சொந்த வீடும்

இப்போது கடை. இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம், வாட்ஸ்அப் பிசினஸில் ஒரு கேட்டலாக். இரண்டுக்கும் கணக்குத் தொடங்கக் காசு இல்லை. ஆரம்பிக்க இது போதும். ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: இவை வாடகை வீடு. வீட்டுக்காரர் நினைத்தால் என்ன வேண்டுமானாலும் நடக்கும்.

2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் மட்டுமே முகம் காட்டி வந்தவர்களின் மொத்தக் கூட்டமும் அத்தோடு போனது. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே நேரத்தில் சுமார் ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. கைவினைப் பொருளுக்கென்றே 2005-ல் அமெரிக்காவின் புரூக்ளினில் தொடங்கிய எட்ஸி நிறுவனம், 2022 ஏப்ரலில் தன் விற்பனைக் கட்டணத்தை 5 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக உயர்த்தியது. ஆயிரக்கணக்கான விற்பனையாளர்கள் ஒரு வாரம் தங்கள் இணையக் கடைகளை மூடிப் போராடினார்கள். கட்டணம் குறையவில்லை.

இதிலிருந்து நாம் கற்பது என்ன? வாடகை வீட்டில் வியாபாரம் செய்யுங்கள், ஆனால் பக்கத்திலேயே ஒரு சின்ன சொந்த வீடும் கட்டுங்கள். கடைக்கு ஒரு சின்னப் பெயர் வையுங்கள், சொல்லவும் தட்டச்சு செய்யவும் சுலபமாக. எல்லா இடத்திலும் அதே பெயர். அதே பெயரில் ஒரு இணைய முகவரி பதிவு செய்து ஒரே ஒரு பக்கம் போடுங்கள். நீங்கள் யார், எந்த ஊர், என்ன செய்கிறீர்கள், விலை என்ன, உடைந்தால் என்ன செய்வீர்கள், எப்படித் தொடர்பு கொள்வது. இந்த ஆறும் இருந்தால் போதும். நம் கம்ப்யூட்டர் துறை நண்பனுக்கு ஒரு பிரியாணி வாங்கிக் கொடுத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் வேலை முடிந்துவிடும்!

அதைவிட முக்கியமான சொந்தச் சொத்து ஒரு நோட்டுப் புத்தகம். வாங்கியவர் பெயர், எண், எப்போது எது வாங்கினார் என்று எழுதி வையுங்கள். புதுச் சரக்கு வந்தால் தகவல் சொல்லலாமா என்று கேட்டு, சரி என்றவருக்கு மட்டும் அனுப்புங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். ஆகவே முதல் பார்சலிலேயே "இந்த எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு சீட்டு வைத்துவிடுங்கள்.

என்ன பதிவு போடுவது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். மண் பிசைவது, சூளை மூட்டுவது, காலையில் சாம்பலைக் கிளறி நகையை எடுப்பது, இதையெல்லாம் போடுங்கள். தொழிற்சாலை நகைக்காரரிடம் பணம் இருக்கலாம், இந்தக் காட்சி இருக்காது. தினமும் போட்டுப் பத்தாம் நாள் நிறுத்துவதைவிட, வாரம் இரண்டு என்று வைத்து வருஷம் முழுக்கப் போடுவது மேல். செமஸ்டர் தேர்வு நேரத்தில் "பரீட்சை, ஆர்டர் இல்லை" என்று எழுதிப் போட்டுவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

5. "இயற்கைக்கு உகந்தது": இந்த வார்த்தையில் எச்சரிக்கை!

சுடுமண் நகை விற்கும் பலரும் போடும் வரி, "மண்ணிலிருந்து வந்தது, மண்ணோடு மண்ணாகும்." கேட்க அழகாக இருக்கிறது. உண்மையா?

600 டிகிரியைத் தாண்டி வெந்த மண் மறுபடி களிமண் ஆகாது. அதன் கட்டமைப்பே மாறிவிட்டது. சந்தேகம் இருந்தால் சிவகங்கை மாவட்டம் கீழடிக்குப் போய்ப் பாருங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் புதைந்து கிடந்த பானை ஓடுகளும் சுடுமண் விளையாட்டுக் காய்களும் மண்ணாகாமல் அப்படியே கிடைத்திருக்கின்றன. "மக்கிவிடும்" என்பது பொய். "நூற்றாண்டுகள் கெடாது, நஞ்சும் கக்காது" என்பதுதான் உண்மை. எது பெரிய பெருமை, நீங்களே சொல்லுங்கள்!

அந்த மண்மேல் அக்ரிலிக் பெயிண்டும் வார்னிஷும் அடித்தால்? அக்ரிலிக் என்பது பிளாஸ்டிக்தான். அடிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. அடித்தால் அடித்தோம் என்று எழுதவேண்டும். அடிக்காமல் செங்காவிக் குழம்பு பூசி, கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றிச் சுட்டிருந்தால் அதையும் எழுதுங்கள், அதற்குக் கூடுதல் விலை கேட்க உரிமை உண்டு.

இது மனசாட்சி விஷயம் மட்டும் அல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பொய் விளம்பரங்களுக்கு எதிராக வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. "சுற்றுச்சூழலுக்கு உகந்தது", "இயற்கையானது", "பசுமை" போன்ற பொத்தாம்பொதுவான சொற்களை ஆதாரமும் விளக்கமும் இல்லாமல் போடக்கூடாது என்கிறது அது. ஆகவே பெரிய வார்த்தையை விட்டுவிட்டுச் சின்ன உண்மைகளைச் சொல்லுங்கள். "மண் எங்கள் ஊர்க் குயவர் வீட்டில் வாங்கியது. உமிச் சூளையில் சுட்டது. பெயிண்ட் இல்லை. பெட்டியில் பிளாஸ்டிக் இல்லை." நான்கு சின்ன வாக்கியம், நான்கும் சோதித்துப் பார்க்கக்கூடியவை.

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாம் வேறு ஊரில் செய்துவிட்டு அந்தப் பெயரை ஒட்டிக்கொள்வது சட்டப்படியும் தவறு, அந்த ஊர்த் தொழிலாளிக்கும் துரோகம்.

6. பார்சல், பணம், பாதுகாப்பு

மண் நகைக்கு எமன் தபால் பை! அலையட்டைப் பெட்டி, சுற்றிலும் பழைய செய்தித்தாள் துண்டுகளோ தேங்காய் நாரோ திணிக்கவேண்டும். பெட்டியைக் குலுக்கினால் சத்தமே வரக்கூடாது. பிறகு நம் லேப் புத்தியைக் காட்டுங்கள். ஒரு மாதிரிப் பெட்டியை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஆறு பக்கமும் விழும்படி ஆறு முறை போட்டுப் பாருங்கள். உடையாவிட்டால் அனுப்பலாம். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உண்டு. சின்ன மஞ்சள் துணிப்பையில் போட்டு அனுப்பினால் அது நமக்கே விளம்பரம்.

உடைந்து போய்ச் சேர்ந்தால்? "தபால்காரர் தப்பு" என்று சொல்லாதீர்கள். படம் அனுப்பச் சொல்லி, வேறு ஜோடி அனுப்பிவிடுங்கள். அந்தச் செலவுக்குத்தான் விலையில் 25 சதவீதம் வைத்தோம்.

பணம் யு.பி.ஐ.யில் வாங்குங்கள். பணம் வந்ததா என்பதை நம் வங்கிக் கணக்கில் பார்த்து உறுதி செய்யவேண்டும். அவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் ஆகாது, அதைப் போலியாகச் செய்வது குழந்தை விளையாட்டு. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை. "பணம் அனுப்புறேன், பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால் அவர் அனுப்பவில்லை, எடுக்கிறார்!

தோழியர் கவனத்துக்கு: கடைக்கென்று தனி எண் வாங்குங்கள். வீட்டு முகவரியை, ஹாஸ்டல் அறை எண்ணை இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். கண்ட நேரத்தில் தேவையில்லாத செய்தி வந்தால் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் தடுத்துவிடுங்கள். ஒரு ஆர்டர் போனால் போகட்டும்.

7. சர்க்கார் சமாச்சாரம்

உத்யம் பதிவு 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், பதிவு முற்றிலும் இலவசம். "ஆயிரம் ரூபாய் கொடு, பதிவு செய்து தர்றேன்" என்று வரும் போலி இணையதளங்களை நம்பாதீர்கள். ஜி.எஸ்.டி. பெயரைக் கேட்டவுடன் பயப்படவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். 2023 அக்டோபர் 1 முதல் வரம்புக்குக் குறைவான விற்பனை உள்ள சிறு விற்பனையாளர்கள், தங்கள் மாநிலத்துக்குள் மட்டும் பெரிய இணையச் சந்தைகள் வழியாக விற்றால், முழுப் பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண் மட்டும் பெற்று விற்கலாம். அவற்றின் வழியாக வெளி மாநிலத்துக்கு விற்க ஆசைப்பட்டால் முதலில் ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.

தோழர்களே! இந்தக் கடைக்கு முதலீடு லட்சக்கணக்கில் தேவையில்லை. ஒரு கூடை மண், ஒரு செல்போன், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மெக்கானிக்கல் நண்பன் அச்சு செய்து தரட்டும், சிவில் தோழி மண்ணைச் சோதிக்கட்டும், கம்ப்யூட்டர்க்காரர் பக்கம் கட்டட்டும், கணக்கு நோட்டை யாராவது ஒரு கறார்ப் பேர்வழியிடம் கொடுங்கள்! நான்கு பேர் சேர்ந்து அடுத்த விழாவுக்குள் 50 ஜோடி விற்றுப் பாருங்கள். வேலை கிடைத்தால் இது கைச்செலவுக்கு ஆகும். கிடைக்கத் தாமதமானால் இதுவே கைகொடுக்கும். பக்கத்து வீட்டு மாமா மறுபடி கேட்டால் பதில் சொல்லவேண்டாம், அத்தைக்கு ஒரு ஜோடி ஜிமிக்கியை விலை சொல்லிக் கொடுத்துவிடுங்கள். 90 ரூபாய், தள்ளுபடி கிடையாது!